இரண்டாவது இடைவெளி

சயந்தனின் மடியில் கிடந்த அந்தக் கடதாசிக் கட்டை நான் வாசித்திருக்கக் கூடாது. எக்ஸ்ரே அறைக்கு வெளியே, பாதி உயரத்துக்குப் பச்சைச் சாயம் பூசிய விறாந்தையில், சக்கர நாற்காலியோடு அவரை என்னிடம் விட்டுவிட்டு வார்டு உதவியாளர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். முதுகில் ஒப்பரேசன் முடிந்து இரண்டாம் நாள். இலேசாகக் காய்ச்சல் காய்ந்ததால் நெஞ்சைப் படம் எடுத்துவர அனுப்பியிருந்தார்கள். நோயாளி எங்கே போனாலும் அவருடைய டிக்கட்டும் கூடவே போகும். டிக்கட் என்பது வார்டில் வைத்திருக்கும் அத்தனை கடதாசிகளையும் துவாரமிட்டுக் கட்டிய கோப்பு. நோயாளிக்கு அதைச் சுமக்க உரிமை உண்டு, வாசிக்க உரிமை இல்லை. சயந்தன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். காற்றாடிக் காற்றில் மேல் தாள் படபடத்தது. நான் அதைப் பிடிக்கத்தான் கையை வைத்தேன்.

எனக்கு ஒரு நாளைக்குப் பதினெட்டு முதுகு. கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டடத்தின் ஆறாம் மாடியில் காலை எட்டரைக்குப் போய்க் குந்தினால், அமெரிக்காவில் எங்கோ முந்தாநாள் வெட்டித் தைக்கப்பட்ட முதுகுகளின் அறிக்கைகள் திரையில் வரிசையாகக் காத்திருக்கும். டொக்டர் என்ன செய்தார் என்று வரி வரியாக வாசித்து, அதை எண்களாக மாற்றிக் கொடுப்பது என் வேலை. அந்த எண்களைப் பார்த்துத்தான் அங்கே காப்புறுதிக் கம்பனி ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கும். வெட்டப்பட்டவர்களின் முகம் எனக்குத் தெரியாது, வயதும் இடதா வலதா என்பதும் மட்டும் தெரியும். ஒன்பது வருடமாக இதையே செய்கிறேன். பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் சேட்டுக்குள் எலும்பை எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குவார்கள். எலும்பை எண்ணுவதா, இடைவெளியை எண்ணுவதா என்பதுதான் அது. இடுப்புப் பக்கத்தின் நாலாம் எலும்பு L4, ஐந்தாம் எலும்பு L5, அதன் கீழே இடுப்புக்கூட்டின் முதல் எலும்பு S1. எலும்பு மூன்று, ஆனால் இடைவெளி இரண்டுதான். திருகாணி போட்டால் எலும்பை எண்ண வேண்டும். பிதுங்கிய சவ்வை எடுத்தால் இடைவெளியை எண்ண வேண்டும். முதல் இடைவெளிக்கு 63030. இரண்டாவதுக்கு 63035. அது தனியே வராது, முதலாவதோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். எனக்குப் பக்கத்து மேசையில் இருக்கும் நிப்லா இன்றைக்கும் மூன்று விரலை விரித்து நடுவில் பேனையை விட்டு எண்ணிப் பார்ப்பாள். நான் பகிடி பண்ணுவேன். பகிடி பண்ணிவிட்டு, அவள் பார்க்காத நேரம் நானும் எண்ணிப் பார்ப்பேன்.

இன்னொன்று, அதைவிட முக்கியமானது. அறிக்கையின் தலைப்பை நம்பக் கூடாது. எங்கள் வேலையைச் சரிபிழை பார்க்கும் மர்ஸூக் முதல் வாரமே அதைச் சொல்லிவிட்டார். "தலப்ப பாத்து கோட் போட வாணாம். தலப்பு ஒப்பரேசனுக்கு முந்தி நெனச்சது. உள்ளுக்கு எழுதி ஈக்கிறதுதான் செஞ்சது." உள்ளே எழுதியில்லாவிட்டால் அது நடக்கவில்லை. டொக்டர் மனதில் நினைத்ததற்கும், நோயாளிக்குச் சொன்னதற்கும் எண் கிடையாது. அந்த விதி இப்போது என் இரத்தத்தில் ஊறிப்போய்விட்டது. யாராவது ஒரு மணித்தியாலம் கதை சொன்னால், தலைப்பை விட்டுவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் என் மூளை தேடும்.

அப்படிப்பட்ட என்னுடைய கைக்குள் அந்தத் தாள் அகப்பட்டது. கையால் எழுதிய ஒப்பரேசன் குறிப்பு. தலைப்பில், கீழே கோடும் போட்டு, இடது பக்கம், L4/5, L5/S1 என்று இருந்தது. இரண்டு இடைவெளி. படம் பார்த்த அன்று பெரிய டொக்டர் எங்களுக்குச் சொன்னதும் அதுதான். இரண்டு இடத்தில் சவ்வு பிதுங்கியிருக்கிறது, இரண்டையும் எடுத்தால்தான் கால் நோவு போகும். பதினான்கு மாதம் காத்திருந்து கிடைத்த திகதி இது. தலைப்புக்குக் கீழே பதினொரு வரி. குப்புறக் கிடத்தியது, நடுக்கோட்டில் வெட்டியது, எக்ஸ்ரேயில் இடத்தை உறுதி செய்தது, L4/5 இல் சவ்வை எடுத்தது, நரம்பு தளர்ந்து கிடந்தது, இரத்தம் நிறுத்தியது, தைத்தது. நான் மறுபடி வாசித்தேன். கடைசி வரியிலிருந்து மேலே போயும் வாசித்தேன். உள்ளே L5/S1 இல்லை. 63030, அவ்வளவுதான். 63035 போட முடியாது.

என் மூளை எண்ணைப் போட்டு முடித்த பிறகுதான் இது என் மனுசனின் முதுகு என்று எனக்கு உறைத்தது. உதவியாளர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் தாளை மடித்து உள்ளே செருகினேன்.

"என்ன பாத்தனீர்?" சயந்தன் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"ஒண்டுமில்லை. காத்துக்குப் பறக்குது."

*

வீட்டுக்கு வந்து ஒரு கிழமையில் சயந்தன் எழும்பி நடந்தார். வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் எங்கள் ஃபிளாட். லிஃப்ட் இருக்கிறது, பெயருக்கு. படியில் ஏறி இறங்கும்போது முன்பெல்லாம் ஒவ்வொரு படிக்கும் முனகுவார். அந்த முனகல் நின்றுவிட்டது. காலை நீட்டிப் படுத்து விடியும்வரை நித்திரை கொண்டார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவருடைய குறட்டையைக் கேட்டேன். எரிச்சலாக வரவேண்டிய சத்தம், எனக்கு அழுகை வந்தது. பெரிய டொக்டரைப் பற்றி வந்த ஆட்களுக்கெல்லாம் சொன்னார். "ஒரு சதம் வாங்கேல்லை. ரெண்டு இடமும் ஒரே நேரத்திலை. கடவுள் மாதிரி மனுசன்." வந்தவர்கள் இரண்டு விரலைக் காட்டி ஆச்சரியப்படுவார்கள். நான் பழச்சாறு கொண்டு வருகிற சாட்டில் குசினிக்குள் போய்விடுவேன்.

ஒரு பின்னேரம் கட்டிலில் இருந்தபடி கூப்பிட்டார். "இஞ்சரும், ஓடி வாரும்! பெருவிரல் முழிச்சிட்டுது!" இடது காலின் பெருவிரலைத் தானே கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். பால் பல் விழுந்த பிள்ளையின் சந்தோசம் முகத்தில். ஒப்பரேசனுக்கு முன் அந்தக் காலில் பெருவிரலும் விறைப்பு, சின்ன விரலும் வெளி ஓரமும் விறைப்பு. பெருவிரலுக்குப் போகிற நரம்பு நசிபடுவது மேல் இடைவெளியில். சின்ன விரலுக்குப் போகிறது நசிபடுவது கீழ் இடைவெளியில். இது டொக்டர்மாருக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டிய விசயம். ஒன்பது வருடமாக ஒரு நாளைக்குப் பதினெட்டு முதுகு வாசித்தவளுக்கும் தெரிந்து தொலைத்திருக்கிறது.

"சின்ன விரல்?" என்றேன்.

"அது சின்னன்தானே. ஆறுதலா எழும்பும்."

தன் பகிடிக்குத் தானே சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்தச் சின்ன விரலைப் பார்த்தேன். அது ஒரு பக்கமாகச் சரிந்து, தன்பாட்டில் கிடந்தது.

அதன் பிறகு எனக்கு அமைதி போய்விட்டது. நான்காம் கிழமை, ஒஃபிஸ் முடிந்து ஏறி வரும்போது, இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவருடைய இடது செருப்பு மட்டும் தனியே கிடந்தது. மேலே போனால் மனிதர் ஒற்றைச் செருப்போடு கதவைத் திறக்கிறார். "வார் தளர்ந்து போச்சு. பழசு. கழண்டு விழுந்திட்டுது போல" என்றார். அடுத்த நாளே ஒரு அளவு சின்னதாகப் புதுச் செருப்பு வாங்கினார். இறுக்கமாக இருக்கிறது, இனிக் கழராது என்று போட்டு நடந்தும் காட்டினார். மகளுக்கும் அப்பாவின் புதுச் செருப்பு சிரிப்பாக இருந்தது. நான் ஒருத்திதான் அந்த வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். சுகப்பட்டு வரும் மனுசனுக்குப் பக்கத்தில் இப்படி இருப்பது எவ்வளவு அசிங்கம் என்று எனக்கே தெரிந்தது.

நிப்லாவிடம்தான் சொன்னேன். மத்தியானம், சாப்பாட்டு அறையில், அவள் பார்சலைப் பிரித்து வைத்தபடி முழுதையும் கேட்டாள்.

"அக்கா, ஒங்களுக்குப் பைத்தியமா?" என்றாள். "இங்க ஆரு அக்கா எழுதுற? அங்க எழுதினா சல்லி. இங்க எழுதினா கை வலி மட்டுந்தான். அந்த டொக்டர் அன்டைக்கு எத்தின ஒப்பரேசன் செஞ்சாரோ. ரெண்டையும் செஞ்சிட்டு ஒண்ட எழுதியிருப்பாரு."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அமெரிக்க அறிக்கை என்றால் மூன்று பக்கம். கண்ணுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டியதற்கு ஒரு வரி, முழங்கைக்குக் கீழே பஞ்சணை வைத்ததற்கு ஒரு வரி. எழுதாத வேலைக்குப் பணம் வராது என்பதால் எதையும் விடமாட்டார்கள். இங்கே இரவு பகல் நின்று களைத்த ஒரு இளம் டொக்டர், அடுத்த நோயாளியை உள்ளே தள்ளுவதற்குள், பதினொரு வரி கிறுக்கியிருக்கிறார். எழுதாதது நடக்காதது என்ற விதி பில்லுக்காகச் செய்த விதி. அதைக் கொண்டுவந்து இலவச ஆஸ்பத்திரியின் பதினொரு வரியில் பொருத்திப் பார்க்கிற முட்டாள்தனம் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் வரும். அப்படித்தான் என்னை நானே ஏசிக்கொண்டேன்.

"சரி, அப்ப சின்ன விரல்?" என்றேன்.

நிப்லா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "அது... நரம்பு லேட்டாவும் வரும்தானே அக்கா" என்றாள்.

*

சயந்தனுக்குக் காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் வேலை. பத்தொன்பது வருடம். காலையிலிருந்து இரவு கடை பூட்டும்வரை நின்ற நிலை. மேல் தட்டுத் துணிக் கட்டுகளை ஏணியில் ஏறி இறக்கித் தோளில் சாய்த்து, மேசையில் போட்டு உருட்டி விரிப்பார். பிடிக்காவிட்டால் திரும்பச் சுற்றி ஏற்றுவார். ஒரு பெண் ஒரு சட்டைத் துணி எடுக்க இருபது கட்டு இறக்க வைப்பாள். அதில்தான் முதுகு போனது. ஐந்தாம் கிழமை முதலாளி வீட்டுக்கே வந்தார், ஒரு சீப்புக் கோழிக்கூட்டு வாழைப்பழத்தோடு. நல்ல மனிதர்தான். தீபாவளிக்கு ஆள் வேண்டும், பாரம் தூக்கலாம் என்று கிளினிக்கில் ஒரு கடிதம் எடுத்துத் தந்தால் திங்கட்கிழமையே வரலாம், இல்லாவிட்டால் வேறொருவரைப் பார்க்கத்தான் வேண்டும் என்று பக்குவமாகச் சொன்னார். பழத்துக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு வந்த சயந்தன், அன்று முழுதும் வீட்டில் இருந்த கதிரைகளைத் தூக்கி வைத்துப் பழகினார்.

"வியாழக்கிழமை கிளினிக்தானே," என்றார். "டொக்டரே எழுதித் தருவார். ரெண்டும் எடுத்தாச்சு, இனி என்ன பயம்?"

கீழ் இடைவெளியில் சவ்வு இன்னும் பிதுங்கிக்கொண்டிருந்தால், ஏணியில் நின்று ஒரு கட்டை இழுக்கும்போது அது முழுதாக வெளியே வந்துவிடலாம். அப்படி வந்தவர்களுடைய அறிக்கைகளையும் நான்தான் வாசிக்கிறேன். அவர்கள் சிலருக்குக் கால் திரும்பி வருவதில்லை, சிலருக்குச் சிறுநீர் போவதுகூடத் தெரிவதில்லை. இதை அவரிடம் சொல்ல நான் மூன்று முறை வாயைத் திறந்தேன். ஒரு முறை அவர் கதிரையைத் தூக்கிக் காட்டினார். ஒரு முறை மகள் ரியூசன் முடிந்து வந்துவிட்டாள். மூன்றாவது முறை ஒரு தடையும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், சொல்லவில்லை. எனக்குப் பயம். பிழையாக இருந்தால் ஒரு மனிதரின் நித்திரையைச் சும்மா கெடுத்தவளாவேன். சரியாக இருந்தால் இன்னொரு திகதிக்காக இன்னும் பதினான்கு மாதம் அவர் காத்திருக்க வேண்டும். இரண்டையும் தாங்குகிற தென்பு எனக்கு இல்லை. களைத்துப்போயிருந்தேன்.

எங்கள் வேலையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. தலைப்பும் உள்ளடக்கமும் ஒத்துவராவிட்டால் டொக்டருக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்புவோம். அதற்கும் விதி உண்டு. பதிலை அவர் வாயில் நாங்களே வைக்கக் கூடாது. செய்தீர்களா என்று கேட்கக் கூடாது. இன்ன இடத்தில் இன்னது இருக்கிறது, இன்னது இல்லை, தெளிவுபடுத்தவும், அவ்வளவுதான். மூன்று நாளில் பதில் வரும். பதில் அநேகமாக, செய்தேன், எழுத விட்டுப்போச்சு என்றுதான் இருக்கும். கேட்ட பிறகு ஞாபகம் வராத டொக்டரை நான் கண்டதில்லை. திகதியும் கையொப்பமும் இருந்தால் ஏற்றுக்கொள்வோம். அதற்கு மேல் தோண்டுவது எங்கள் வேலை அல்ல.

புதன்கிழமை மேசையில் ஒரு கேள்வி எழுதினேன். ஒரு நாளைக்கு நாலு எழுதுகிற கை, அன்றைக்கு ஒன்றை எழுத ஒரு மணித்தியாலம் எடுத்தது. தலைப்பில் L4/5, L5/S1 எனக் குறிப்பிடப்பட்டுள்ளது, விபரிப்பில் L4/5 மட்டும் உள்ளது, L5/S1 தொடர்பாகத் தெளிவுபடுத்தவும், இடது காலின் வெளி ஓரமும் சின்ன விரலும் இன்னும் விறைப்பாக உள்ளன. ஆங்கிலத்தில், அச்சடித்து, நாலாக மடித்து, சயந்தனின் கிளினிக் கொப்பிக்குள் வைத்தேன். கடைசி வசனம் விதிக்குப் புறம்பானது. நோயாளியின் விரலைப் பற்றி நாங்கள் எழுதுவதில்லை.

*

வியாழன் காலை ஆறரைக்கு நம்பர் எடுத்து, பதினொன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். ஒரே அறையில் நாலு மேசை, ஒவ்வொரு மேசையிலும் ஒரு டொக்டர், ஒவ்வொருவருக்கும் முன்னால் கதவுவரை சனம். பெரிய டொக்டர் அன்று வரவில்லை. எங்களுக்குக் கிடைத்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பிள்ளை. கண்ணுக்குக் கீழே கறுப்பு. பக்கத்தில் ஆறிப்போன பிளேன்ரீ, அதன் மேல் ஒரு பிஸ்கட். கொப்பியைத் திறந்ததும் என் கடதாசி விழுந்தது.

"என்ன அது?" சயந்தன் என்னைப் பார்த்தார்.

"ஒஃபிஸ் விசயம் ஒண்டு" என்றேன். இருபது வருடக் கலியாணத்தில் இப்படிப் பச்சையாகப் பொய் சொன்னது அதுதான் முதல்தரம்.

டொக்டர் வாசித்தார். நெற்றி சுருங்கியது. என்னைப் பார்த்து, "மிஸ் நர்ஸ் கெனெக்த?" என்றார். நர்ஸ் இல்லை, கோடிங் என்றேன். அவருக்கு விளங்கவில்லை, அல்லது விளங்கி, நேரமில்லை. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது நானும் ஏதாவது கதைத்திருப்பேன். அந்தப் பிள்ளை என்னைப் போலவே களைத்திருந்தது. கொப்பியைப் புரட்டினார். அதில் ஒப்பரேசன் குறிப்பு இல்லை, அது டிக்கட்டோடு எங்கோ ஒரு அறையில் அடுக்கிக் கிடக்கும். எங்களிடம் இருந்தது வீட்டுக்குப் போகும்போது தருகிற டயக்னோசிஸ் கார்ட் மட்டும். அதில் தலைப்பை மட்டும் பிரதி பண்ணியிருந்தார்கள். இரண்டு இடைவெளி.

"தெவெனி லெவல் எக்கத் கரலா," என்றார், இரண்டாவதும் செய்திருக்கிறது என்று. கார்டில் தட்டிக் காட்டினார். பிறகு என் முகத்தில் என்னத்தைக் கண்டாரோ, பேனையை எடுத்து, கார்டின் அடியில், L5/S1 உம் செய்யப்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதி, அன்றைய திகதி போட்டு, கையொப்பமும் வைத்தார். அது டிக்கட்டில் இருந்த கையெழுத்து அல்ல. அன்றைக்கு நீங்கள் ஒப்பரேசன் அறைக்குள் நின்றீர்களா என்று ஒரு கேள்விதான் மிச்சம். அது என் வாய்க்குள் வந்து நின்றது. பின்னால் ஒரு வயதுபோனவர் எக்ஸ்ரே உறையால் என் முதுகில் இடித்தார். திகதி இருந்தது. கையொப்பம் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

சயந்தனைக் கட்டிலில் ஏறச் சொன்னார். காலைத் தூக்கினார், எழும்பியது. பெருவிரலை மேலே தள்ளச் சொன்னார், சயந்தன் வீரமாகத் தள்ளினார். "நியமய்," அருமை என்று தோளில் தட்டினார். சின்ன விரலைத் தொடவில்லை. நான் சின்ன விரல் என்று தொடங்கினேன். "நரம்புதானே, மெதுவாத்தான் வரும்" என்று தமிழிலேயே சொல்லி, பய வென்ன எப்பா, பயப்படாதீர்கள் என்று சேர்த்தார். அடுத்த தாளில், வேலைக்குத் திரும்பலாம் என்று மூன்று வரி எழுதி, முத்திரை குத்தித் தந்தார். சயந்தன் இரண்டு கையாலும் வாங்கினார்.

மட்டக்குளியிலிருந்து வந்த பஸ்ஸில் இரண்டு இருக்கை கிடைத்தது. சயந்தன் யன்னல் பக்கம். கடிதத்தைச் சேட்டுப் பொக்கற்றில் வைத்திருந்தார், காற்றில் பறந்துவிடும் என்று ஒரு கையை நெஞ்சில் பொத்தியபடி. திங்கட்கிழமைக்கு வெள்ளைச் சேட்டு அயன் பண்ண வேண்டும், முதலாளிக்கு இப்பவே போன் எடுக்கட்டோ என்று கேட்டார். நான் கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். மனது ஒரு மாதிரி அமைதியாக இருந்தது. தெளிவுபடுத்தியாயிற்று. என் மேசைக்கு இப்படி ஒரு பதில் வந்திருந்தால், இந்நேரம் 63035 ஐப் போட்டுவிட்டு அடுத்த முதுகுக்குப் போயிருப்பேன். மர்ஸூக்கும் பிழை பிடிக்கமாட்டார். இனி இதை விடுவோம், எல்லோரையும் போல நானும் சந்தோசமாக இருந்து பார்ப்போம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். பம்பலப்பிட்டி வரும்போது கண்கூடச் சொக்கியது.

வெள்ளவத்தையில் இறங்கினோம். சயந்தன் முன்னால். பஸ் சரியாக நிற்கவில்லை, அது எப்போதும் நிற்பதில்லை. அவர் கம்பியைப் பிடித்து இறங்கி, நடைபாதையில் ஏறி, சனத்துக்குள் நடக்கத் தொடங்கிவிட்டார். நான் பின்னால் இறங்கினேன். பஸ் வெளிக்கிட்டுப் பத்தடி போயிருக்கும்.

"அய்யே! செரெப்புவ!"

கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி ஒரு செருப்பை வீசினான். அது தெருவோரம் உருண்டு, இளநீர்க் கோம்பைகளுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து விழுந்தது. இடது கால். புதுச் செருப்பு, ஒரு அளவு சின்னது. நான் நிமிர்ந்து பார்த்தேன். சயந்தன் போய்க்கொண்டிருந்தார். மத்தியான வெயிலில் கொதிக்கிற நடைபாதையில், வலது கால் செருப்போடும் இடது கால் வெறுமனேயும், ஒரு கை பொக்கற்றில். கடிதம் பத்திரமாக இருந்தது. ஒரு கடை தாண்டினார், இரண்டு கடை தாண்டினார். பழக்கடைக்காரர் குனிந்து அவருடைய காலைப் பார்த்தார். அவர் நடந்தார்.

செருப்பை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். திரும்பினார். என் கையில் இருந்ததைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார்.

"எப்ப கழண்டது?" என்றார்.

அவருடைய முகத்தில் இருந்த சிரிப்பு போகத் தெரியாமல் நின்றது.

"எனக்குத் தெரியேல்லையே" என்றார், மெல்ல. பிறகு, "நீர் அந்தக் கடதாசியிலை என்ன எழுதினீர்?"

பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் அவரை இருத்தினேன். சனம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. முழங்காலில் குந்தி, அவருடைய இடது காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன். பாதத்தில் தார் ஒட்டியிருந்தது, வெளி ஓரம் வெயில் நிலத்தில் சிவந்திருந்தது.

"சின்ன விரலை நகத்தாலை ஊண்டிப் பாக்கப்போறன்," என்றேன். "தெரிஞ்ச உடனை சொல்லுங்கோ."

"ஓம்" என்றார். ஊசி போடும்போது பார்க்கமாட்டார், அப்படியே முகத்தைத் திருப்பிக்கொண்டு வீதியைப் பார்த்தார். பொக்கற்றில் இருந்த கை அப்படியே இருந்தது. நான் சின்ன விரலைப் பிடித்து, பெருவிரல் நகத்தை அதன் சதையில் வைத்து அழுத்தினேன். அடுத்த பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றி, புகை கக்கிவிட்டுப் போனது. அவர் காத்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் அழுத்தினேன். என் நகத்தின் ஓரம் வெளுத்துவிட்டது.

"ஊண்டுமன்," என்றார் சயந்தன், வீதியைப் பார்த்தபடி. "ஏன் சும்மா வச்சுக்கொண்டிருக்கிறீர்?"